தறித்துணிக்கு அடியில் மோடம்

1. தொடர்ந்து நான்கு ஞாயிறு மாலைகள், அக்காவுடன் பேசும் வீடியோ அழைப்பு பாதியில் உறைந்து நின்றது. அக்கா கனடாவில் இருக்கிறாள். எனக்கு வேறு யாரும் இல்லை.
2. இணைய நிறுவனத்திலிருந்து வந்தவர், "லைன் கிளீனா இருக்குதுமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.
3. ஒரு மாதம் காலையும் மாலையும் வேகத்தைக் குறித்து வைத்தேன். பகலில் பரவாயில்லை. மாலையில் மோசம். ஒரே ஒரு நாள் மட்டும் காலையிலிருந்தே மோசம்.
4. அந்த நாள் அமாவாசை.

அமாவாசையன்று எங்கள் தெருவில் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள்; தறிகள் நாள் முழுக்க மூடியே கிடக்கும். நான் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். இணைய லைன் கீழே வீட்டுக்காரர்கள் கூடத்துக்குத்தான் வருகிறது. மோடமும் அங்கே, தறிக்குப் பக்கத்து அலமாரியில். இது பிடிபட்ட மறுநாள் மாலை இறங்கிப் போனேன். வீட்டுக்கார ஆன்ட்டி நெசவை நிறுத்திவிட்டுப் பாவு நூலின்மேல் துணி போர்த்திக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த முனையை இழுத்து மோடத்தின் மேலும் போட்டார்.

"ஆன்ட்டி, அதை ஏன் மூடறீங்க?"

"தூசி படியுதேமா. பகலெல்லாம் லைட்டு போட்டுக்கினு கெடக்குது, ராத்திரியாவது ஓயட்டுமேன்னுதான்."

"அதுக்கு ஓய்வே கிடையாது ஆன்ட்டி. மூடினா சூடாயிடும்."

"ஐயோ பாவம். உன்னாட்டமே ஒரு ஜென்மம்னு சொல்லு."

துணியை எடுத்துத் தொட்டபோது, தினமும் மூடி மூடிப் பழுதான மோடம் தோசைக்கல்லாகச் சுட்டது. அதற்குப் பிறகும் தானாக அணைந்து அணைந்து எழுந்தது. புதிதாக வாங்கத்தான் வேண்டும். தேவைகளை எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்: எங்கள் ஃபைபர் லைனுக்குப் பொருந்த வேண்டும், இரண்டு அலைவரிசை வேண்டும், காற்றோட்டத்துக்குத் துளைகள் வேண்டும்.

கடைக்காரர் எட்டு ஆன்டெனா வைத்த ஒன்றை எடுத்து வைத்தார். "வீட்ல எத்தனை பேருமா?"

"நான் ஒருத்திதான்."

"அப்போ இது எதுக்குமா" என்று அவரே அதைத் திருப்பி வைத்துவிட்டு, சின்ன ரூட்டர் ஒன்றைக் கொடுத்தார்.

அதைத் தறியிலிருந்து தள்ளி, மாடிப்படியின் திருப்பத்தில் ஆணியடித்து மாட்டினேன். மாடியிலும் முழு வேகம் வந்தது. ஞாயிறு மாலை அக்கா அழைத்தாள். அவள் பின்னால் இருந்த திரைச்சீலையின் பூக்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. புது ரூட்டரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"உன் வாய்ஸ் விட்டு விட்டு வருதுடி. வெச்சிடட்டுமா?"

திரையின் இன்னொரு ஜன்னலில் லைன் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டேட்டா பாக்கெட்கூட வழியில் தொலையவில்லை. கோளாறு அவள் பக்க லைனிலும் இருக்கலாம். அதை இங்கிருந்து சோதிக்க வழியில்லை.

"ஆமாக்கா, இங்கயும் விட்டு விட்டுதான் வருது. வெச்சிடு" என்றேன்.

இன்றைய நிலை: ரூட்டர் இருபத்திரண்டு நாட்களாக ஒருமுறைகூட அணையவில்லை. ஆன்ட்டி அதை மூடுவதில்லை. இந்த ஞாயிறு வேலை இருப்பதாக அக்கா செய்தி அனுப்பியிருக்கிறாள்.