கேள்வி இல்லாத மாதக் காசு

மரண அறிவித்தலில் அக்கா வேலணையில் பிறந்தவர் என்று வந்துவிட்டது. அவர் பிறந்தது கரம்பொன்னில், எங்கள் அம்மாவின் சீதன வீட்டில். அவசரத்தில் தொலைபேசியில் சொன்ன விபரம் மாறிப்போயிற்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று உங்கள் கைகளுக்கு வரும் இந்த நினைவு மலரிலாவது அது சரியாக இருக்கட்டும்.

நால்வரில் மூத்தவர் அக்கா. அவருக்கு அடுத்து, இப்போது கனடாவில் இருக்கும் அண்ணை, பிறகு லண்டனில் இருக்கும் சின்னக்கா, கடைசியாக நான். ஐயாவுக்குத் தென்பகுதியில் கடை இருந்தது. கலவரத்தில் அது போனது. சில வருடங்களின் பின் போரினால் யாழ்ப்பாணத்தை அடுத்த எங்கள் தீவுகளை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது வீடும் போனது. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இன்னும் மூன்று குடும்பங்களோடு இருந்தோம்.

அங்கே எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுத மாட்டேன். அரிசி, மா, பருப்பு, பாய் எல்லாம் தந்தார்கள். காசு மட்டும் இல்லை. தபால் திணைக்கள வேலைக்கு நேர்முகப் பரீட்சை என்று அக்காவுக்கு அழைப்பு வந்தபோது பஸ்ஸுக்குக் கொடுக்கவும் வழியில்லை. அக்கா நிவாரணப் பருப்பைச் சந்தையில் விற்றார். அங்கே பொறுப்பாக நின்றவருக்கு அது தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் ஏசினார்.

"தின்னத் தந்ததை வித்துப்போட்டு எங்கை ஊர் சுத்தப் போறீர்?"

"தின்னாமல்தானே போறன். பிறகென்ன?" என்றார் அக்கா.

வேலை கிடைத்தது. நயினாதீவு உட்படத் தீவுப் பகுதியின் பல தபாற்கந்தோர்களில் பணியாற்றி, தபாலதிபராக ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் மூவரின் படிப்பும் பயணமும் அவருடைய சம்பளத்தில் நடந்தவை.

வறியவர்களுக்கு அரசாங்கம் மாதந்தோறும் வழங்கும் சிறு உதவிப் பணத்தைத் தபாற்கந்தோரில்தான் கொடுப்பார்கள். ஊரில் அதற்குப் பிச்சைச் சம்பளம் என்று பெயர். அந்தச் சொல்லை அக்கா கந்தோருக்குள் விடமாட்டார்; மாதக் காசு என்றே சொல்வார். இவ்வளவு சிறிய தொகையால் என்ன ஆகும் என்று ஒருமுறை கேட்டேன். "எப்ப வருமெண்டு தெரிஞ்ச காசு வேறை சாமான், தம்பி. அதை நம்பிச் சனம் நாளையைப் பற்றி யோசிக்கும்" என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

ஓய்வு பெற்ற பின் அக்காவும் நானும் கரம்பொன் வீட்டைத் திருத்தி அங்கே இருந்தோம். எங்கள் மச்சாள் ஒருவர் லண்டனில் இருக்கிறார். பூட்டிக் கிடந்த அவருடைய வீட்டில் ஜெசிந்தா என்ற பெண்ணும், அவருடைய கணவர் அந்தோனியும், மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தோனி பிறருடைய வள்ளங்களில் கடலுக்குப் போகிறவர். வாடகை இல்லை, வீட்டைக் கூட்டித் துப்பரவாக வைத்திருந்தால் போதும். எங்கள் தீவுகளில் பல குடும்பங்கள் இப்படித்தான் வெளிநாட்டுக்காரரின் வீடுகளைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. அவர்களை வீடில்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

ஒரு ஆனி மாதம் அக்கா மீன் வாங்கக் கரைக்குப் போனார். அங்கே மீனவர் வலை வைக்கும் ஓலை வாடிக்குள் ஜெசிந்தா சமைத்துக்கொண்டிருந்தார். கச்சான் காற்று மணலை அள்ளிச் சட்டிக்குள் போட்டது. சின்னப் பெண்ணுக்கு மூச்சிழுப்பு.

"என்ன பிள்ளை, இஞ்சை?"

"வீட்டுக்காரர் நயினாதீவு அம்மாளாச்சி திருவிழாவுக்கு வந்து நிக்கினம், அக்கா. அவை போகுமட்டும் இஞ்சைதான். வருசா வருசம் இப்பிடித்தானே."

அரசாங்கத்தின் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று நான் வீட்டில் சொன்னேன். விசாரித்தால், சொந்தக் காணி இருந்தால்தான் வீட்டுத்திட்டம். காணி இல்லாதவருக்கு வீடு இல்லை. வீடு இல்லாதவருக்கு நிரந்தர விலாசம் இல்லை.

அந்தக் கிழமையே அக்கா நால்வரையும் தொலைபேசியில் ஒன்றுசேர்த்தார். மூன்று வருடத்துக்கு ஒவ்வொரு மாதமும் ஜெசிந்தாவின் வங்கிக் கணக்கில் ஒரே தொகை போட வேண்டும், என்ன செய்தாய் என்று எவரும் கேட்கக்கூடாது என்பது அவருடைய திட்டம். அதன்பின் நடந்த பேச்சை அண்ணையின் அனுமதியோடு எழுதுகிறேன்.

"சும்மா காசு குடுக்கிறதோ? ரெண்டு ஆடு வேண்டிக் குடுப்பம், அக்கா" என்று தொடங்கினார் அண்ணை.

"ஆட்டை எங்கை கட்டுறது? வாடியிலையோ?"

"அப்ப ஒரு தையல் மெசின்."

"திருவிழாவுக்கு வீடு மாறேக்கை நீ வந்து தூக்குவியோ?"

"அவன் அந்தோனி குடிச்சால்?"

"நீயும் சனிக்கிழமையிலை குடிக்கிறனிதானே. உன்ரை சம்பளத்தை ஆரும் நிப்பாட்டினவையே?"

சின்னக்கா சிரித்துவிட்டார். அத்தோடு விடயம் தீர்ந்தது. பெரிய பங்கு அக்காவின் ஓய்வூதியத்திலிருந்து. வங்கியில் போடுவது என் பொறுப்பு.

எனக்கோ அந்தக் காசு எங்கே போகிறது என்று அறியாமல் இருக்க முடியவில்லை. கேட்கக்கூடாது, ஆனால் பார்க்கலாம் என்று நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகளின் காலில் அதே செருப்பு. அந்தோனியிடம் ஒரு சைக்கிள் புதிதாகத் தெரிந்தது. அதுவும் இரவல் என்று பின்னர் அறிந்தேன். ஏமாந்துவிட்டோமோ என்று அக்காவிடம் கேட்டேன். "நீ உன்ரை சம்பளத்திலை என்ன வேண்டினனி எண்டு நான் இதுவரையிலை கேட்டனானே?" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஆனி வந்தது. மச்சாள் குடும்பத்தோடு வந்து இறங்கியபோது வீடு கூட்டிக் கழுவியிருந்தது. பூட்டின் திறப்பை எங்கள் வீட்டில் தந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜெசிந்தா குடும்பம் வாடிக்குப் போகவில்லை. ஊர்காவற்றுறையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இரண்டு அறை உள்ள வீடொன்றை வாடகைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். திருவிழா முடிந்தும் திரும்பி வரவில்லை.

மச்சாள் அக்காவிடம் வந்து பொரிந்து தள்ளினார். "நீர் காசைக் குடுத்து அவளைப் பழுதாக்கிப்போட்டீர். இனி என்ரை வீட்டை ஆர் பாக்கிறது?"

"இவ்வளவு நாளும் சும்மா பாத்தவள். இனிச் சம்பளத்துக்கு ஆளைப் பிடியும்."

மச்சாள் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பிறகு, "எவ்வளவு குடுக்கலாமெண்டு நீரே சொல்லும்" என்றார். இன்று ஜெசிந்தா கிழமையில் இரண்டு நாள் போய் அந்த வீட்டைத் துப்பரவாக்கிச் சம்பளம் வாங்குகிறார். பின்னேரம் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். இதை எழுதச் சொன்னவரே மச்சாள்தான்.

இரண்டாம் வருட முடிவில் அக்கா நோயில் விழுந்தார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் தன் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. முதலாம் திகதி கடந்துவிட்டதா, காசு போட்டாயிற்றா என்றுதான் கேட்டார். "ஓம் அக்கா" என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். அமைதியாகவே போனார்.

எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவன்று குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தா என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. வாற மாசம் காசு வருமோ? வராதெண்டால் வராதெண்டு சொல்லுங்கோ. வாடகை வீட்டுக்காரருக்கு நேரத்தோடை சொல்லவேணும்."

 அக்காவோடு அவருடைய ஓய்வூதியமும் முடிந்துவிட்டது. மிச்சப் பங்குகள் வாடகைக்கே காணாது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஜெசிந்தா தலையாட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினார்.

இறுதிக் கிரியைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணை முற்றத்தில் இருந்தார். விடயத்தைச் சொன்னேன்.

"அக்கா மூண்டு வருசமெண்டு சொன்னவா. அப்ப மூண்டு வருசந்தான். அவவின்ரை பங்கை நான் போடுறன்" என்றவர், நான் கதிரையில் இருக்கப் போனதும் சத்தம் போட்டார். "என்னடா இருக்கிறாய்? இப்பவே போய்ச் சொல்லு. அந்தப் பிள்ளை ஏன் இண்டைக்கு இராத்திரி யோசிச்சுக்கொண்டு படுக்கவேணும்?"

போய்ச் சொன்னேன். "அப்ப சரி, அண்ணை" என்றார் ஜெசிந்தா. கையைத் துடைத்துவிட்டு, கழுவிய பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினார்.

இக்கட்டுரையில் ஜெசிந்தா குடும்பத்தின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரில் ஆருக்குத் தெரியாது என்று ஜெசிந்தா சிரித்தார். அச்சுக்குக் கொடுக்க முன் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் பெற்றேன். அப்போது நான் கேட்காமலே ஒன்று சொன்னார்: "முதல் ரெண்டு மாசமும் அந்தக் காசிலை கை வைக்கேல்லை, அண்ணை. மூண்டாம் மாசமும் வருதோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். அது வந்தாப் பிறகுதான் வீடு தேடத் தொடங்கினது." அக்கா கந்தோரில் கண்டது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அக்காவின் நோயில் துணை நின்ற மருத்துவர்கள், தாதியர், நேரம் பாராமல் வாகனம் தந்த அயலவர், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்தியவர்கள், தூர தேசங்களிலிருந்து வந்தவர்கள், வர முடியாமல் தொலைபேசியில் அழுதவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவின் பெயரில் வேறொரு குடும்பத்துக்கும் மாதக் காசு தொடங்கலாமா என்று கேட்டிருக்கும் மச்சாளுக்குத் தனியாக நன்றி.

இன்று பந்தியில் ஜெசிந்தா குடும்பத்தைக் காண்பீர்கள். சுகம் விசாரியுங்கள், பிள்ளைகளின் படிப்பைக் கேளுங்கள். காசை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். எனக்கும் அது முழுக்கத் தெரியாது.