மூன்று பெயர்களுக்குப் பிறகு

அம்மாவின் காதருகே பெரியம்மா குனிந்தபோது முற்பகல் பதினொரு மணியிருக்கும். பரந்தனில் எங்கள் வீட்டு முன்னறை. அம்மாவின் மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. பெரியம்மா முந்தானையால் அம்மாவின் கன்னத்தைத் துடைத்தார். பிறகு வாயைக் காதோடு வைத்து, "சேசு, மரி, சூசை" என்று மூன்று தரம் சொன்னார். எங்களைப்போன்ற கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் உயிர் பிரிகிற நேரம் அந்த மூன்று பெயர்களும் காதில் விழவேண்டும். விழாமல் போகிற ஆத்துமா வழி தெரியாமல் தடுமாறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆனால் பெரியம்மா நிமிரவில்லை. கட்டிலின் மறுபக்கம் அம்மாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் சொன்னது கேட்டது. "தங்கச்சி, அங்க என்ர பிள்ளை நிண்டா வந்து சொல்லு. இல்லாட்டி வரவேண்டாம்." கடைக்குப் போகிறவளிடம் தேயிலை வாங்கிவரச் சொல்வதுபோலத்தான் சொன்னார். அம்மாவின் கண்மணி ஒருமுறை அசைந்தது.

பெரியம்மா அம்மாவுக்கு மூத்தவர். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, முள்ளியவளையில் ஒரு வயல்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். பெரியப்பா நெஞ்சு வலியில் வேளைக்கே போய்விட்டார். ஒரேயொரு மகன், எனக்கு அண்ணா. அவனை வளர்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் மாதா கோயிலுக்குத்தான். பீடத் துணி தோய்ப்பார், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பார், படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவார். எல்லாவற்றுக்கும் மேலாக, சாகக் கிடக்கிறவர்களின் பக்கத்தில் இருப்பார். பெற்ற பிள்ளைகளே கிட்டப் போகப் பயப்படுகிற கட்டிலில் ஏறி இருந்து தலையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். சைவ வீடுகளிலும் கூப்பிடுவார்கள். அங்கே போனால் "முருகா, முருகா" என்று சொல்லுவார். "அவையளுக்குத் தெரிஞ்ச பேரைச் சொன்னாத்தானே பிள்ளை அவையள் திரும்பிப் பாப்பினம்" என்பது அவருடைய நியாயம்.

ஊரில் அவரைக் கண்டால் கும்பிடுவார்கள், கொஞ்சம் விலகியும் நிற்பார்கள். கூப்பிடாமலே சில வீடுகளுக்குப் போய், "சும்மா வந்தனான்" என்று கதிரையில் இருந்துவிட்டு வருவார். இரண்டு மூன்று நாளில் அந்த வீட்டில் செத்தவீட்டுப் பந்தல் போடுவார்கள். சந்திக் கடைக்காரர் பகிடியாகவே சொல்லுவார், "அக்கா, சாமான் வேணுமெண்டா சொல்லிவிடுங்கோ, நான் கொண்டந்து தாறன். நீங்கள் மட்டும் இஞ்ச வந்து குந்தியிராதேங்கோ." பெரியம்மாவும் சிரிப்பார். எனக்கு ஆவி, குறி ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது. நான் தையல்காரி. அளந்து வெட்டுகிறவளுக்கு அதெல்லாம் சரிவராது. அப்படியிருந்தும் எனக்குக் காய்ச்சல் என்று பெரியம்மா வந்து கட்டில் காலடியில் இருந்தால், "எழும்பிப் போங்கோ பெரியம்மா, எனக்கு ஒண்டுமில்லை" என்று கத்துவேன்.

சண்டையின் கடைசி நாட்களில், கடற்கரை மணலில் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தபோது, தண்ணீர் எடுக்க வாளியோடு போனான் அண்ணா. திரும்பி வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. கண்டேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. பெரியம்மா அவனுடைய படத்தைச் சுமந்துகொண்டு ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. கார்த்திகை மாதம் கோயிலில் மரித்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி உறையில் போட்டுக் கொடுப்போம். பாதர் அவற்றைப் பூசையில் வாசிப்பார். உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பில் பாவம் தீர வேகிற ஆத்துமாக்கள் அந்தப் பூசையால் கரையேறும் என்பது நம்பிக்கை. ஒரு வருடம் யாரோ நல்லெண்ணத்தில் அண்ணாவின் பெயரையும் எழுதிவிட்டார்கள். வாசிக்கக் கேட்டதும் பெரியம்மா பூசை நடுவில் எழுந்து, "அவன் சாகேல்லை, அந்தப் பேரை வெட்டுங்கோ!" என்று கத்தினார். ஜென்மத்தில் கோயிலுக்குள் குரல் உயர்த்தாத மனுஷி. அதற்குப் பிறகு அவன் பெயரை எழுத ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே கேட்டேன். "பெரியம்மா, அம்மாட்டை என்ன சொன்னனீங்கள்?" மறைக்கவில்லை. அம்மாவிடம் மட்டுமில்லை, சண்டை முடிந்து மீளக் குடியேறி வந்த நாளிலிருந்து தன் மடியில் உயிர் விட்ட ஒவ்வொருவரிடமும் அதைத்தான் சொல்லியனுப்பினாராம். எங்களுக்கு இது புதுப் பழக்கம் அல்ல. போர்க்காலத்தில் வன்னிக்குள் தொலைபேசி ஏது? ஆனையிறவு தாண்டுகிறவர், வவுனியாவுக்குப் போகிறவர், யாரென்றாலும் பிடித்து, "அங்க என்ர தமையன் நிண்டா எனக்கொரு சொல் அனுப்பச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிடுவோம். சொல் வராவிட்டால், ஆள் அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்வோம். பெரியம்மா அதே வழியை மறு உலகத்துக்கும் நீட்டிவிட்டார். முன்பிருந்த பங்குச் சுவாமி ஒருவர் இதை அறிந்து, இது பாவமம்மா என்று கண்டித்திருக்கிறார். "நான் ஆரையும் கூப்பிடேல்லைச் சுவாமி. போற ஆளிட்டைச் சொல்லிவிடுறன், அவ்வளவுதான்" என்றாராம். என்னிடம் கண்கள் மின்னச் சொன்னார், "இத்தினை பேரை அனுப்பினன் பிள்ளை. ஒருத்தரும் வரேல்லை. அப்ப அவன் அங்க இல்லைத்தானே?" ஒரு தாய்க்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேறெங்கே கிடைக்கும்?

பெரியம்மா என்னோடு வந்து தங்கினார். அம்மா போய் ஐந்தாறு நாள் இருக்கும். நல்ல மத்தியானம், வெயில் கொதிக்கிறது, வேப்பமரத்தில் ஓர் இலை ஆடவில்லை. குசினிக்குப் பக்கத்தில் நான் தைத்துக்கொண்டிருந்தேன். பின் கதவில் சத்தம் கேட்டது. கையால் தட்டுகிற சத்தம் இல்லை. கீழே, இடுப்பளவில், மொத்தென்று இரண்டு தரம். அம்மா எப்போதும் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வந்து முழங்கையால்தான் இடிப்பார். நான் யோசிக்காமலே எழுந்து, "இந்தா வாறன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அம்மா இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தேன். பெரியம்மா பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! "திறக்காதை. அது காத்து." எங்கள் நாய், ஊரே பயப்படுகிற கடியன், கதவடியில் படுத்து முனகி வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் பின் கதவுக்கு நெல் மூட்டை ஒன்று முட்டுக்கொடுத்திருந்தது. மத்தியானமானால் பெரியம்மா உரத்த குரலில் செபமாலை சொல்லத் தொடங்குவார். சத்தம் கேட்டால் குரல் இன்னும் உயரும். நான் ஆடு என்று சொன்னேன், பூனை என்று சொன்னேன். அவர் செபமாலை மணியை உருட்டிக்கொண்டே இருந்தார். இந்தச் சங்கதியை நாங்கள் ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்பார்களே. சாகிறவர்களின் வீட்டுக்குப் போவதைப் பெரியம்மா விடவில்லை. ஆனால் மூன்று பெயர்களையும் சொன்னதும், மகனைப் பற்றி ஒன்றும் சொல்லியனுப்பாமல், யாரோ விரட்டுவதுபோல எழுந்து வந்துவிடுவார். சத்தம் சில மாதம் கேட்காது. கார்த்திகையில் தவறாமல் கேட்கும். ஐந்து வருடம் அப்படியே போயிற்று.

போன வருடம் பெரியம்மாவின் முறை வந்தது. கிணற்றடியில் விழுந்தவர் பிறகு எழும்பவில்லை. பாதர் வந்து நெற்றியில் எண்ணெய் தடவி நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு பெரியம்மா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "கொம்மா, என்ர தங்கச்சி, வந்தவள் பிள்ளை. நான்தான் கதவு திறக்கேல்லை." தெரியும் என்று தலையாட்டினேன். "ஊரில ஆர் செத்தாலும் ஓடிப்போய்ச் செபிச்சனான். பெத்த பிள்ளைக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்கேல்லை, ஒரு மெழுகுதிரி கொளுத்தேல்லை. உத்தரிக்கிற ஸ்தலத்தில அவனை நெருப்பில விட்டிட்டு, அவன் உயிரோட இருக்கிறான் எண்டு நான் சோறு திண்டனான்." அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "அவன்ர பேரை எழுதிக்குடு."

எனக்குக் கோபம்தான் வந்தது. தன்னால் செய்ய முடியாததை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாரே என்று. "உயிரோட இருந்தா?" என்று கேட்டேன். "இருந்தா, ஆண்டவர் அந்தப் பூசையை ஆருமில்லாத ஒரு ஆத்துமாவுக்குக் குடுப்பார். நீ எழுது." ஓம் என்றேன். அன்று பின்னேரம் அவர் காதில் நான்தான் சேசு, மரி, சூசை சொன்னேன்.

வந்த கார்த்திகையில் எழுதினேனா? இல்லை. பெரியம்மாவின் பெயரை எழுதினேன், அம்மாவின் பெயரை எழுதினேன், பேனை அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. எழுதினால் அவனைச் சாகடித்தது நான் என்றாகிவிடும்போல இருந்தது. அந்த மாதம் முழுக்க மத்தியானத்தில் கதவில் தட்டு கேட்டது. இப்போது முழங்கை இல்லை. விரல் முட்டியால் மெல்ல மூன்று தரம், நோயாளி வீட்டில் பெரியம்மா தட்டுகிற மாதிரி. நாயும் செத்துப்போயிருந்தது. நான் றேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் தையல் மெசினை மிதித்தேன். மூட்டையை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை. பெரியம்மாவை நொந்த வாய்தான் இது!

இந்த வருடம் எழுதினேன். பெரிய துணிவெல்லாம் இல்லை, களைத்துப் போய்விட்டேன், அவ்வளவுதான். காலைப் பூசையில் பாதர் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். அண்ணாவின் பெயர் வந்ததும் கோயிலுக்குள் ஒரு அசைவு. இடப்பக்கம், காணாமல்போன பிள்ளைகளின் படங்களோடு வருடக்கணக்காக வீதியோரம் போராட்டம் இருந்த தாய்மார் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏசப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பது என்று முடிவு செய்தேன்.

பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவர் கிட்ட வந்தார். முகப்பழக்கம் மட்டும்தான், பெயர் தெரியாது. அவருடைய மகனும் அந்தக் கடற்கரையில் தொலைந்தவன். என் கையைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பிள்ளை, பேர் எழுதினாப் பிறகு, மத்தியானத்தில தட்டுறது நிண்டிட்டுதோ?"

அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தெரியேல்லையம்மா," என்றேன். "இனித்தான் வீட்டை போய்ப் பாக்கவேணும். இண்டைக்குத் தட்டினா, திறக்கிறதெண்டு இருக்கிறன்."

அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "நில்லு பிள்ளை, நானும் வாறன்" என்றார். பின்னால் நின்ற இரண்டு பேரும் செருப்பை மாட்டினார்கள்.