கேட்டுக்கு உள்ளே மிஸ்டர்

பெற்ற தகப்பனை வேலை இடத்தில் 'மிஸ்டர்' என்று கூப்பிட்டவன் மத்தியாஸ். இப்போது பட்டவொர்த்தில் நல்ல வேலையில் இருக்கிறான். வருஷம் எத்தனையோ ஓடியும் அவன் மேல் எனக்குள்ள கடுப்பு மட்டும் போகவில்லை.

காலையில் ஒரே ஹோண்டாவில் வருவார்கள். அப்பன் ஓட்ட, மகன் பின்னால், நடுவில் சோற்றுப் பாத்திரம். பட்டறை கேட்டுக்கு வெளியே இறங்குவான். "அப்பா, பாத்து எடுங்க, கொழம்பு ஊத்திரும்" என்பான். கேட்டைத் தாண்டியதும் நீலச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போடுவான். அப்பன் துடைப்பத்தைக் கையில் எடுத்தாரோ இல்லையோ, "குட் மார்னிங், மிஸ்டர் பெரியநாயகம்."

"மார்னிங், மார்னிங்" என்பார் அவர், தரையில் கொட்டிய எண்ணெயின் மேல் மரத்தூளைத் தூவிக்கொண்டே.

அது எழுபத்தெட்டாம் வருஷம். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் போகிற சாலையில், லோரிக்கு பாடி கட்டும் பட்டறை. வெல்டிங் பக்கம் நான்தான் தலையாள். பாலிடெக்னிக்கிலிருந்து மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். முடியைத் தோள்வரை விட்டுக்கொண்டு, தேத்தண்ணிக் கடையிலேயே பயிற்சியை முடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இவன் வேறு ரகம். மணியடிக்காமல் தேத்தண்ணியைத் தொடமாட்டான். இரவல் வாங்கிய ஸ்பேனரைத் துடைக்காமல் திருப்பித் தரமாட்டான். மதியம் பாத்திரத்தின் அடுக்கைப் பிரித்து, அப்பன் கேஸ் சிலிண்டர் ஓரமாகவும் மகன் பயிற்சிக்காரர் மேசையிலும் சாப்பிடுவார்கள். மீன்தலை மட்டும் எப்போதும் அப்பன் பக்கம் போயிருக்கும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "டேய், பெத்த அப்பன்டா அது. மிஸ்டராம்லா மிஸ்டரு! கோயில்ல பாதிரியாரையும் மிஸ்டருன்னுதான் கூப்பிடுவியா?"

"கோயில் வேற, மிஸ்டர் சின்னையா. வேல எடத்துல எல்லாரும் மிஸ்டர்தான். காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்க."

என்னையும் சேர்த்துவிட்டான். நேரே போய்ப் பெரியநாயகத்தை உசுப்பினேன். "ஒனக்கு ரோசமே இல்லியாண்ணே?"

அவர் துடைப்பத்தில் கையை ஊன்றிச் சிரித்தார். "ரப்பர் தோட்டத்துல இருந்த காலத்துலேர்ந்து இன்னிக்கி வரைக்கும் என்னைய 'ஓய்'னுதான் கூப்பிட்டானுங்க. ஒருத்தன் மிஸ்டருங்கிறான். ஒனக்கு ஏன்டா வயிறு எரியுது?"

எங்கள் சீன முதலாளி, லியோங் தவுக்கேவுக்கும் அவர் 'ஓய்'தான். காலேஜ் ஆசிரியர் பார்வையிட வந்த நாளில், அவர் முன்னாலேயே தவுக்கே பெரியநாயகத்தைப் பார்த்து, இங்கே வா என்று மலாயில் கத்தினார்: "ஓய்! மாரி சினி!"

மத்தியாஸ் கிரைண்டரை நிறுத்தினான். பயிற்சிக்கு மார்க் போடப்போவதே இந்தத் தவுக்கேதான். அது குறைந்தால் பாஸ் இல்லை. அப்பன் துடைப்பம் பிடித்துப் படிக்கவைத்ததெல்லாம் வீண். அதெல்லாம் தெரிந்தும் கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான். "எக்ஸ்கியூஸ் மீ, மிஸ்டர் லியோங். அவர் பேரு மிஸ்டர் பெரியநாயகம்" என்று மலாயில் மெதுவாகச் சொன்னான்.

தவுக்கே பெரியநாயகத்தைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். அதன் பிறகு மத்தியாஸ் இருக்கும் நேரத்தில் 'ஓய்' வரவில்லை. சொடுக்குதான்.

கடைசி நாள் மார்க் தெரிந்தது. வேலைக்கு நல்ல மார்க். நடத்தைக்கு மட்டும் பாஸை ஒட்டினாற்போல. 'பெரியவர்களிடம் பேசத் தெரியாதவன்' என்று தவுக்கே ஆசிரியரிடம் சொன்னாராம். பையன் அவருக்கும் கை கொடுத்து, "தேங்க்யூ, மிஸ்டர் லியோங்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பெரியநாயகம் ஹோண்டாவை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்புகிற வழியாக இல்லை. மத்தியாஸ் கழுத்துப் பொத்தானைக் கழற்றியபடி என்னிடம் வந்தான்.

"அண்ணே" என்றான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நாளையிலேர்ந்து காலையில அப்பாவ மிஸ்டருன்னு கூப்பிட ஆளு இருக்காது. நீங்க கூப்பிடுங்கண்ணே."