நான் கூட்டிய ஐந்து அங்குலம்

"...அதனால கண்ணுல ஒண்ணும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க தம்பி. லைட்டு அடிச்சுப் பாத்தாங்க, எழுத்து வாசிக்கச் சொன்னாங்க. யாழ்ப்பாணத்து டாக்டரு. 'ஐயா, உங்கட கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, சந்தோசமாப் போங்கோ'ன்னாரு. எப்படிச் சந்தோசமா போறது? கண்ணு சுத்தம்னா, கெட்டுப்போனது இங்கதான?"

ஜீப்காரர் தன் நெற்றிப்பொட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பதுளை டவுனுக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிற என் வெல்டிங் பட்டறையில், ஒரு பழைய டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். வாசலில் அவருடைய ஜீப் நின்றது. அதை அன்று ஓட்டி வந்தது அவர் மருமகன். மாமனாரை என்னிடம் விட்டுவிட்டு, சாமான் வாங்கக் கடைத்தெருப் பக்கம் போயிருந்தான்.

"வண்டிய நல்ல ஆளாப் பாத்து வித்துக் குடுத்துரு தம்பி. நாலு பேரு வந்து போற எடம் ஒன் பட்டற. நீ செஞ்ச பம்பரப் பாத்தே ஆசப்படுவான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும், வாசலில் நின்ற வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, பஸ் போகாத தேயிலைத் தோட்ட டிவிஷன் ஒன்றுக்கு அந்த ஜீப்தான் போக்குவரத்து. கல்லும் பள்ளமுமான பாதை. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், சந்தைக்குப் போகும் பெண்கள், காய்ச்சல்காரர்கள் எல்லாரும் அதில்தான். அவர் முப்பது வருடமாக அந்தப் பாதையில் ஓட்டியவர். ரிவர்ஸ் எடுப்பதில் அவருக்கு இணை கிடையாது என்று டிவிஷனே சொல்லும். ஒருமுறை அதைப்பற்றிக் கேட்டேன். "கண்ணாடியப் பாத்து ரிவர்ஸ் எடுக்கிறவன் வண்டிக்கு விருந்தாளி. நான் வீட்டு ஆளு," என்றார். மனிதர்கள் வாயிலிருந்து இப்படி ஏதாவது விழுந்தால் பட்டறைச் சுவரில் சோக்கால் எழுதிவைப்பது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படித்ததில்லை. படித்ததெல்லாம் இப்படி வந்து போனவர்கள் பேச்சில் படித்ததுதான்.

அவர் வண்டியின் பின் பம்பர் துருப்பிடித்து, ஒரு பக்கம் கம்பியால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. "பழசு மாதிரியே ஒண்ணு செஞ்சு குடு, போதும்," என்றுதான் கொண்டுவந்து விட்டார். பழசு மாதிரியே செய்திருந்தால் இந்தக் கதை இல்லை.

நான் அப்போது இரவு பகலாகப் போனில் வெளிநாட்டு ஜீப் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். காட்டிலும் சேற்றிலும் போகிற வண்டிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ராஜ சிம்மாசனம் மாதிரி ஒரு பம்பர். எனக்கு ஆசை வந்துவிட்டது. லொறி சேஸியிலிருந்து வெட்டிய தடித்த சேனல் இரும்பு, இழுவைக் கயிறு மாட்ட இரண்டு கொக்கி, மேலே கால் வழுக்காத புள்ளித் தகடு என்று பென்சிலால் தரையிலேயே படம் போட்டேன். இரும்பு வாங்கப் போனபோது கடைக்கார முஸ்லிம் நானா என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், ஜீப்புக்குப் பம்பரா, ஆத்துக்குப் பாலமா?" என்று கேட்டார். அதையும் வந்து சுவரில் எழுதினேன்.

ஆசை மட்டும்தான் காரணம் என்றும் சொல்லமாட்டேன். பழைய பம்பரில் பெண்கள் ஏறும்போது பாதிப் பாதம்தான் பதியும். மழை நாளில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவர்கள் உண்டு. முழுப் பாதமும் பதியட்டும் என்று தகட்டை அகலமாக வைத்தேன். அகலம் வைக்க, பம்பரைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. ஐந்து அங்குலம்.

வண்டியை எடுக்க அவர் வந்த அன்று பட்டறை வாசலில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. ஒருவர் மேலே ஏறிக் குதித்துப் பார்த்தார். இன்னொருவர், "இனி பின்னால வந்து முட்டுறவன் பாடுதான் பாவம்," என்றார். நான் பூரித்துப்போய் நின்றேன். ஜீப்காரர் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அளவு ஒண்ணும் மாறலையே தம்பி?"

உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம்கூட ஆகியிருக்காது. சொன்னால் வெட்டிக் குறைக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். கூடி நின்றவர்கள் முன்னால், அந்தப் பளபளப்பின் மேல் கிரைண்டரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அதே அளவுதாண்ணே. ஒரு நூலு மாறல," என்றேன்.

கேட்காமலே அந்த 'ஒரு நூலை'யும் சேர்த்துச் சொன்னேன் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தால் பின் பம்பர் கண்ணில் படாது. அவர் வண்டியைத் திருப்புவது கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றத்தில். அங்கே லொறியே திரும்பலாம். அதனால் பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அடைமழை பெய்து மடுவத்துக்குப் போகிற பாதையில் மண் சரிந்தது. மண்ணை அள்ளும்வரை, தோட்ட வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்துக் கடைசியில், முன்பு திருப்பிய இடத்தில் திருப்ப வேண்டிவந்தது. ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற கான், மறுபக்கம் கடைசி வீட்டின் தகரக் குசினி, சமையற்கட்டு. அவருக்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸில் வரும்போது, வெளிப்பக்கம் ஒதுங்குகிற முன் டயர் கானின் ஓரக் கல்லில் ஏறியதும் பிரேக்கை மிதிப்பார். பின்னால் குசினிக்கும் வண்டிக்கும் நடுவில் நான்கு விரல் இடம் இருக்கும். ஒரு நாளும் அது தப்பியதில்லை.

அன்று காலை முன் டயர் கல்லில் ஏறியது. பிரேக்கை மிதித்தார். அதற்குள் என் பம்பர் குசினிக்குள் போயிருந்தது.

தகரம் உள்ளே போனது இரண்டு அங்குலம்தான். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கேத்தல் சரிய அது போதும். அந்த வீட்டு அக்காவின் வலது காலில் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தோல் வெந்துவிட்டது.

செய்தி கேட்டு மறுநாளே ஓடினேன். புதுத் தகரம், ஆங்கிள் இரும்பு எல்லாம் என் செலவில் கொண்டுபோய்க் குசினியை நிமிர்த்தி, இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தேன். அக்கா காலை நீட்டிப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணிக்கு கேத்தல வச்சிட்டு இப்படித் திரும்புறேங்க. செவுரு, கதவத் தட்டாம உள்ள வருது! 'என்னாங்க வேணும்'னு கேக்கலாமான்னு இருந்துச்சு எனக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் என்னைக் காட்டி, "இந்த மாஸ்டருக்கும் இதுக்கும் என்னாங்க சம்பந்தம்? ஆனா மொத ஆளா வந்து நிக்கிறாரு. மனுசன்னா இப்படி இருக்கணும்," என்றார். நான் குனிந்து ஆணியைத் தேடுகிற மாதிரித் தேடினேன். அந்தப் பேச்சை நான் சுவரில் எழுதவில்லை.

அன்று ஜீப்காரர் லயத்துப் பக்கமே வரவில்லை. கொஞ்ச நாளில் டிவிஷனில் பேச்சு மாறியது. வயசாகிவிட்டது, சீனி வருத்தம் கண்ணுக்கு ஏறிவிட்டது, இனி அவர் வண்டியில் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்றார்கள். மருமகன் ஓட்ட ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக எனக்குச் செய்தி வந்தது. ஒவ்வொரு தடவையும் நாளைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கண் டாக்டரிடம் போகிறார் என்று கேள்விப்பட்டபோது, எனக்குள்ளே ஒரு கேவலமான ஆசைகூட வந்தது. கண்ணில் ஏதாவது சின்னக் கோளாறு இருந்துவிட்டால் நான் தப்பித்தேன் என்று.

கண்ணில் ஒன்றும் இல்லை. அவர் இப்போது என் முன்னால் உட்கார்ந்து நெற்றிப்பொட்டைத் தட்டுகிறார்.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு," என்றார். "மொதல்ல கை அளவு தப்பிச்சு. மண்வெட்டி வெட்டுனா வேற எடத்துல விழும். அப்பறம் பேரு மறந்துச்சு. கடைசில என்னையப் பாத்து, 'ஐயா யாரு, எந்தத் தோட்டம்?'னு கேட்டாரு. நான் இப்ப காலையில எந்திரிச்சதும் பேரப்புள்ளைங்க பேர எல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்துக்குவேன். இன்னும் எல்லாம் வருது. எத்தன நாளைக்கு வருமோ."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, அஞ்சு இன்ச்சு," என்றேன்.

"என்னா அஞ்சு?"

"பம்பரு. பழசவிட அஞ்சு இன்ச்சு பின்னால தள்ளி நிக்குது. நான்தான் கூட்டி வச்சேன். ஒங்க மூளையில ஒண்ணும் இல்ல. ஒங்க கணக்கு சரி. நான் பொய் சொன்னேன்."

நான் மூலையில் கிடந்த பழைய பம்பரை இழுத்துவந்து, அளவு நாடாவை எடுத்து, முதலில் அதை வண்டியோடு பிடிக்கிற தாங்கியையும் பிறகு வண்டியில் இருந்த என் பம்பரின் தாங்கியையும் அளந்து காட்டினேன். அவர் நாடாவை நம்பவில்லை. குனிந்து தன் கையாலேயே இரண்டையும் அளந்தார். அளந்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. புள்ளித் தகட்டின் மேல் கையை வைத்தபடி அப்படியே குந்தியிருந்தார்.

"அந்தப் புள்ளயோட கால் வெந்தப்பவும் ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"குசினி கட்டிக் குடுக்கிறப்பவும்?"

"ஆமாண்ணே."

"குசினி இடிஞ்சு முப்பத்தெட்டு நாளு," என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இப்பவே வெட்டிக் கொறச்சுத் தாறேண்ணே. ஒரு மணி நேரம்."

"வேணாம். பொம்பளைங்க நல்லா இருக்குன்னு சொல்றாளுக. அவளுக கால் பதியுது." முழங்காலில் கையூன்றி எழுந்தார். "அந்தப் புள்ளகிட்ட நீ போய்ச் சொல்லணும். எல்லாரும் இருக்கிறப்ப சொல்லணும். நான் சொன்னா, கெழவன் பழிய அடுத்தவன் மேல போடுறான்ம்பாங்க."

"நாளைக்கே போறேண்ணே."

"நாளைக்கு என்னா நாளைக்கு? ஏறு. இப்பவே போவோம். மருமகன் ஸ்பிரிங்வெளி மட்டும் பஸ்ஸுல வந்து நடக்கட்டும்."

அவர் ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்தார். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் பட்டறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் பக்கத்தில் ஏறினேன். என்ஜின் உடனே பிடித்தது. ரோட்டுக்குப் போக, பின்னாலேதான் எடுக்க வேண்டும். என் வாசலில் பஸ் ஒன்று தாராளமாகத் திரும்பலாம். பின்னால் ஒரு கோழிகூட இல்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டார். வண்டி இரண்டு அடி நகர்ந்தது. பிரேக்கை மிதித்தார்.

"ஒண்ணும் இல்லண்ணே, வாங்க, எடம் கெடக்கு," என்றேன்.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறினார். இன்னும் இரண்டு அடி நகர்த்தினார். நிறுத்தினார். கதவைத் திறந்து மறுபடியும் இறங்கிப் போனார்.