போர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவன்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதில் தமிழிலேயே கோட்டை விட்டவன் எழுதவில்லை என்று யார் அழப்போகிறார்கள்? ஆனால் யாரோ போட்ட சண்டையில் எங்கள் ஊர் முறுக்கு வீரமரணம் அடைந்ததை வேறு எவனும் எழுத மாட்டான்.

முறுக்கு என் நண்பனுடையது. ஸ்ரீரங்கத்தில் அவன் அப்பா மெஸ் நடத்துகிறார். அந்தக் கல்லாவில் இனி உட்காருவதில்லை என்று சபதம் போட்டுவிட்டு, திருவெறும்பூரில் ஷெட் பிடித்து, வளைகுடாவுக்கு ஒரு கன்டெய்னர் முறுக்கு அனுப்பினான். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தபோது நானும் இருந்தேன்.

"போர் ரிஸ்க் தனிங்க. கொஞ்சம் சேர்த்துக் கட்டினா அதுவும் கவர் ஆயிடும்."

நண்பன் பதறிவிட்டான். "முத சரக்குங்க! தாயார் சன்னதியில வெச்சு எடுத்துட்டு வந்த பாலிசி பேப்பர். அதுல போய் போர், கலவரம்னு எழுதுவீங்களா? அடிச்சிடுங்க."

அடித்தார். பக்கத்தில் இவன் கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் மஞ்சளும் தடவினான். கன்டெய்னருக்குத் தேங்காய் உடைத்தோம். கப்பலுக்கு நடுக்கடலில் ஏவுகணை உடைத்தார்கள்.

நஷ்டஈடு வந்தால் ஷெட் பிழைக்கும், வராவிட்டால் கல்லாதான். தென்னூரில் இருந்த இன்சூரன்ஸ் ஆபீசுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அங்கே இருந்த மேடம் மஞ்சள் பூசிய பேப்பரைப் பக்தியோடு பார்த்தார்.

"போர் கவர் வேணாம்னு நீங்கதானே சார் கையெழுத்து போட்டிருக்கீங்க?"

"மேடம், இது போரே இல்லீங்க. டிவியில பதற்றம்னுதான் சொன்னாங்க."

"கப்பல்ல ஓட்டை போடற அளவுக்கா சார் பதற்றம்?"

நான் சும்மா இருப்பேனா? "தீ விபத்துன்னு எழுதிக்கோங்க மேடம். எண்ணெய்ப் பலகாரம், தானாப் பத்திக்கிச்சு."

மேடம் சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். "கிடைக்காதுங்க சார். மேல எழுதிப் பார்த்தாலும் இதே பதில்தான் வரும்."

வெளியே வந்ததும் ஷெட் ஓனருக்குப் போன் போட்டு, மாசக் கடைசியில் சாவியைத் தந்துவிடுவதாகச் சொன்னான். பையிலிருந்த ஷெட் சாவியை எடுத்துச் சட்டையில் துடைத்தான். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அதனால் வாயைத் திறந்தேன்.

"விடு மச்சான். உலகத்துலயே போர் வேணாம்னு எழுத்துல குடுத்த ஒரே ஆளு நீதான். சமாதானத்துக்கு ஏதாவது பரிசு குடுப்பாங்க."

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னான்: "நாளையிலேருந்து மெஸ்ஸுல ஓசிச் சோறுன்னு வந்துடாதடா, கல்லாவுல நான்தான் உக்காந்திருப்பேன்."