பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு மட்டும்

எங்கள் பங்குக் கோவிலில் பெரியவர்களுக்கு விவிலிய வகுப்பு தொடங்கியபோது நான் போகவில்லை. பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆறு நாளும் மெஷின் பக்கத்தில் நின்றபடியே வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பதுதான் எனக்குத் தெரிந்த ஓய்வு. மனைவிதான் விடவில்லை.

"நாப்பத்தெட்டு வயசாகுது. பைபிளைத் தூசி தட்டத்தான் கையில எடுக்கறீங்க" என்றாள்.

அவள் வாயை அடைக்க ஒரு வாரம் போனேன். அடுத்த வாரத்திலிருந்து நானாகவே போனேன். ஜோகுபாளையத்திலிருந்து அங்கே வந்துகொண்டிருந்த ஓர் அக்காதான் அதற்குக் காரணம்.

எங்கள் பங்கு சின்னது. பெரிய கூட்டமெல்லாம் விவேக் நகர்ப் பெரிய கோவிலுக்குப் போய்விடும். வகுப்பு, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அறையில். குட்டை பெஞ்சுகளில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பதினேழு பேர் உட்கார்ந்திருப்போம். ஒரு நர்ஸ், ஓர் ஆட்டோக்காரர், இரண்டு டீச்சர்கள், மற்றபடி என்னைப் போன்றவர்கள். வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். நிறையப் படித்தவர், அதை நான் மறுக்க மாட்டேன். யூதேயாவில் எந்த ஊர் எந்த ஊருக்கு வடக்கே என்று பலகையில் வரைந்து காட்டுவார்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. விடிவதற்கு முன்பே பஸ் பிடித்துப் போய், நாலு மாடி துடைத்துவிட்டு வருகிறவர். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பெயரை எழுதுவார், வாசிக்க வராது. ஆனால் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், மறுவாரம் வரிசை மாறாமல் திருப்பிச் சொல்வார்.

ஒரு ஞாயிறு, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல் முடக்குவாதக்காரனைக் கூரையைப் பிரித்து ஆண்டவர் முன்னால் இறக்கிய கதை வந்தது. பேராசிரியர் அந்தக் காலத்துக் கூரை எப்படிக் கட்டப்பட்டது, மண் எவ்வளவு கனம் என்றெல்லாம் விளக்கினார். தூக்கி வந்த நாலு பேரின் விசுவாசத்தைப் பற்றிச் சொன்னார். கேள்வி உண்டா என்றார். அக்கா கையைத் தூக்கினார்.

"அந்த வீட்டுக்காரம்மாவைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே சார்?"

"எந்த வீட்டுக்காரம்மா? பைபிள்ல அப்படி யாரும் வரலையே."

"வீடுன்னு ஒண்ணு இருந்துச்சின்னா அதைக் கூட்டிப் பெருக்க ஒருத்தி இருந்திருப்பா இல்ல? மேல இருந்து அவ்ளோ மண்ணு கொட்டியிருக்குது. உள்ள ஜனம் ரொம்பி நிக்குது. யார்டா என் வீட்டைப் பிரிக்கறதுன்னு அவ ஒரு சத்தம் போட்டிருந்தா அந்த ஆளு எறங்கியிருப்பானா? அவ சும்மா இருந்தா பாருங்க, அதுவும் விசுவாசம்தான் சார். மறுநாள் அந்த மண்ணையெல்லாம் அவதான் வாரிக் கொட்டியிருப்பா."

சின்ன வயதிலிருந்து எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட கதை. அந்த வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பேராசிரியர் சிரித்தார். "நல்ல கற்பனைம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனார். அவருடைய பேனா மட்டும் நோட்டில் ஏதோ எழுதியது. அதை நான் பார்த்தேன்.

ஆறு மாதம் இப்படிப் போனது. வகுப்பு முடிந்தும் கலையாமல் கேட் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்போம். ஆட்டோக்காரருக்கு ஆபரேஷன் என்றபோது நர்ஸ் கூடவே போய் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரே கோவிலில் இருபது வருடம் முகம் பார்த்தும் பேர் கேட்காதவர்கள் நாங்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை பேராசிரியர் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். நாற்பது காப்பி வேண்டும் என்றார். மெஷினில் வைக்கும்போது வாசித்தேன். வகுப்பின் முடிவில் எழுத்துத் தேர்வு. தேறியவர்களுக்குச் சான்றிதழ். சான்றிதழ் பெற்றவர்களே இனி அன்பியக் கூட்டங்களில், அதாவது வீடு வீடாக நடக்கும் ஜெபக் கூட்டங்களில், விவிலியப் பகிர்வு நடத்தலாம். தேர்வு எழுதத் தகுதி, பத்தாம் வகுப்பு தேர்ச்சி.

"சார், நம்ம அக்கா..." என்று இழுத்தேன்.

"ஒரு தரம்னு வேணுமில்லையா தம்பி" என்றார்.

நான் நாற்பது காப்பியும் எடுத்துக் கொடுத்தேன். அதை எழுதும்போது இன்றைக்கும் முகம் சுடுகிறது. கரண்ட் இல்லை, மெஷின் ரிப்பேர் என்று வழக்கமாகச் சொல்லும் பொய்யில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் வகுப்பில் தாள் எல்லார் கைக்கும் போனது. அக்கா தன்னுடையதை என்னிடம் நீட்டி, "இன்னா போட்டிருக்குது தம்பி?" என்றார். மெல்ல வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து நேராகப் பேராசிரியரிடம் போனார்.

"அப்ப நான் வரக் கூடாதா சார்?"

"யாரும்மா சொன்னது? தாராளமா வாங்க. உக்காந்து கேளுங்க. பரீட்சை டென்ஷன் உங்களுக்கு எதுக்கு? அப்புறம், இனிமே ஆளுங்க ஜாஸ்தி வருவாங்க. டீ ஏற்பாட்டை நீங்க பாத்துக்கிட்டா பெரிய உதவியா இருக்கும்."

வாரத்தில் ஆறு நாள் யாரோ குடித்த கப்பைக் கழுவிவிட்டு, ஒரே விடுமுறை நாளில் கடவுளைப் பற்றிப் பேச வந்தவரிடம் டீ போடச் சொன்னார். அக்கா டீ போட்டார். நாங்கள் பதினாறு பேரும் வாங்கிக் குடித்தோம். நானும் குடித்தேன்.

அந்த வாரம் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாய்மொழியாகத் தேர்வு வைத்தால் என்ன என்று கேட்டேன். அவர் ஃபோனைப் பார்த்தபடியே கேட்டார். "நல்ல யோசனைதான். ஆனா கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். மீன் பிடித்த சீடர்களிடமும் வலை பின்னிய சீடர்களிடமும் யார் சான்றிதழ் கேட்டார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. "சரி ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பேராசிரியர் மறுபடி கடைக்கு வந்தார். இந்த முறை ஒரு சின்னப் புத்தகம். அன்பியக் கூட்டங்களுக்காக அவர் எழுதிய சிந்தனைகள். முகப்பில் அவர் பெயர், பட்டங்களோடு. "சாயந்தரம் வாங்கிக்கறேன்" என்று வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பக்கமாகக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டே வந்தேன். நாலாவது பக்கத்தில் கை நின்றது. கூரையைப் பிரித்த வீடு. அந்த வீட்டுப் பெண்மணியின் மௌன விசுவாசம். மறுநாள் அவள் கூட்டி அள்ளிய மண். எல்லாம் இருந்தது, நல்ல செந்தமிழில். அக்கா மட்டும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் மெஷினை அணைத்தேன். மாலை அவர் வந்தபோது தாள்களைத் திருப்பிக் கொடுத்து, "இதை நான் போட மாட்டேன் சார். இது அக்கா சொன்னது" என்றேன். அவர் வாங்கிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனார்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன். பெரிய மனதோடு விட்டுவிடுவார் என்று ஏதோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல. அவர் விடவில்லை.

"டீ போடச் சொன்னாரு, போட்டேன். பரீட்சை இல்லைன்னாரு, சரின்னேன். இது என் வாயில இருந்து வந்தது தம்பி. நான் கேக்காம விட மாட்டேன்."

ஞாயிறு வகுப்பில் புத்தகம் எல்லார் மடியிலும் இருந்தது. அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"சார், நாலாம் பக்கத்துல இருக்கறதை யாரு சொன்னாங்க?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "சிந்தனைக்கெல்லாம் சொந்தக்காரங்க கிடையாதும்மா. பரிசுத்த ஆவியானவர் தர்றது."

"அப்டீங்களா? எனக்குக் குடுக்கறப்ப அந்த ஆவி பத்தாங்கிளாஸ் பாஸான்னு கேக்கலையே சார். நீங்க ஏன் கேக்கறீங்க?"

ஆட்டோக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சர்களில் ஒருவர், "கோவில்ல இப்படியா பேசறது?" என்று முணுமுணுத்தார். பேராசிரியர் முகம் சிவந்து, "வகுப்பைத் தொடரலாமா?" என்றார். அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். நான் எழுந்தேன். நர்ஸ் எழுந்தார். ஆட்டோக்காரர் புத்தகத்தைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்தார். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அதில் எனக்கு நெருக்கமானவர்களும் உண்டு.

தேர்வு நடந்தது. சான்றிதழ்களைப் பூசை முடிவில் பீடத்துக்கு முன்னால் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். புத்தகம் இன்னும் அதே முகப்போடுதான் புழங்குகிறது.

பிறகு வந்து சேர்ந்தவர்களோடு நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு பிற்பகல் அக்காவின் வீட்டில் கூடுகிறோம். ஒற்றை அறை, பாய் விரித்தால் கதவு முழுசாகத் திறக்காது. ஒருவர் வாசிப்போம், எல்லாரும் பேசுவோம். டீ யார் முறையோ அவர் போடுவார். என் டீயை யாரும் புகழ்ந்ததில்லை. இதைப் பங்கின் குழு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று பங்குத்தந்தை ஆள் விட்டுச் சொன்னார். போன மாதம் அக்கா, தனக்கு வாசிக்கக் கற்றுத் தரச் சொல்லி நர்ஸுக்கு ஆணையிட்டார். "எவன் எழுதி வெச்சதையும் இனிமே நானே பாத்துக்கறேன்" என்பது அவர் சொன்ன காரணம்.

பூசைக்கு அதே கோவிலுக்குத்தான் போகிறோம். போன ஞாயிறு எனக்கு முன் வரிசையில் பேராசிரியர் நின்றிருந்தார். சமாதானம் பகிரும் நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். கைதான் கூப்பியது.