நான்காவது செக்ஷன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதக் கடைசியில் நடந்தது இது. கோலார் தங்கவயலைத் தாண்டியிருக்கும் காட்டு மலைகளுக்கான வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில், வயர்லெஸ் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் பல வருடம் பெங்களூரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். தினமும் ரயிலில் போய் வருவேன். எங்கள் மாவட்டப் பதிப்பை நிறுத்தியபோது என்னையும் நிறுத்திவிட்டார்கள். காட்டுத்தீப் பருவத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் கிடைத்தது இந்த வேலை.

வயர்லெஸ்ஸில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். எங்கள் ரேஞ்சில் மூன்று செக்ஷன்கள். முதல் இலக்கம் செக்ஷனைச் சொல்லும், இரண்டாவது இலக்கம் பீட்டை, அதாவது ஒரு ஃபாரஸ்ட் கார்டு சுற்றி வரும் காட்டுப் பகுதியைச் சொல்லும். 'டூ ஃபோர்' என்றால் இரண்டாவது செக்ஷன், நான்காவது பீட். எண் ஆளுக்கு இல்லை, பதவிக்கு. டூ ஃபோர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவர் டூ ஃபோர். ரேஞ்சர் வெறும் 'ஒன்'. ஜீப் 'மொபைல் ஒன்'. தண்ணீர் வண்டி 'மொபைல் டூ'. மேசையில் யார் உட்கார்ந்தாலும் 'கன்ட்ரோல்'. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. தலைப்பு எழுதுவதைப் போல, ஒரு சொல் அதிகம் இல்லை.

ஆனால் தீயை உண்மையில் அடித்து அணைக்கிற ஃபயர் வாட்சர்களுக்கு எண் கிடையாது. அவர்கள் தினக்கூலிகள். பதவி இல்லை, அதனால் எண் இல்லை. ஊரிகம், மைசூர் மைன்ஸ் என்று தங்கவயலில் அவர்கள் குடியிருக்கும் பகுதியின் பெயரே அவர்களுக்குப் பெயர். அவர்களில் ஒருவர் ஊரிகத்திலிருந்து வருவார். எல்லாரும் அவரை 'ஊரிகம்' என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நாற்பது வயதைத் தாண்டியவர், வாய் சும்மா இருக்காது. பருவம் தொடங்கிய வாரத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார்.

"இன்னா மேடம், ஜீப்புக்கு நம்பர் கீது. தள்ளினாத்தான் ஸ்டார்ட் ஆவுற தண்ணி வண்டிக்கு நம்பர் கீது. எங்களுக்கு மட்டும் இல்லியா?"

உள்ளே இருந்த ரேஞ்சர், "உனக்கு நம்பர் குடுத்தா நாள் பூரா நீதான்பா பேசுவ" என்றார். ஊரிகமும் சிரித்தார். போகும்போது, "தண்ணி வண்டி ரிட்டையர் ஆனா சொல்லுங்க மேடம், அந்த நம்பரை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

மார்ச் கடைசியில் அந்த நாள், மதியம் இரண்டாவது செக்ஷன் மலையில் தீ ஏறியது. உண்ணிச்செடியும் காய்ந்த புல்லும் மண்டிய சரிவு அது. காற்று திசை மாறியதும், வெட்டி வைத்திருந்த தீத்தடுப்புப் பாதையைத் தாண்டித் தீ குதித்தது. மேலே இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி டூ ஃபோருடனும் இன்னொரு பாதி டூ த்ரீயுடனும் இறங்க ஆரம்பித்தார்கள். அலைவரிசையில் ஒரே கூச்சல். அந்த நேரத்தில் ஒரு குரல் உடைந்து உடைந்து உள்ளே வந்தது.

"கன்ட்ரோல்... கன்ட்ரோல்... இங்க ஒரு..."

எங்கள் மேலிடமான மாவட்ட ஆபீஸின் கன்ட்ரோல் நான் வாயைத் திறப்பதற்குள் குறுக்கே வந்தது. "யார் அது? நம்பர் சொல்லு." அந்தக் குரல், "நம்பர் இல்ல சார்" என்றது. "நம்பர் இல்லாதவங்க பேசக்கூடாது. லைனை விடு." குரல் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், அதற்குள் மூன்று பேர் ஒரே நேரத்தில் தண்ணீர் வண்டியைக் கேட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்துக்குத் தீ அடங்கியது. வழக்கப்படி இரண்டாவது செக்ஷன் எண்களை வரிசையாகக் கூப்பிட்டேன். டூ ஒன் சேஃப். டூ டூ சேஃப். டூ த்ரீ சேஃப். டூ ஃபோர், ஜீப்பில் இருந்த வயர்லெஸ் செட்டிலிருந்து, சேஃப். எண்கள் முடிந்துவிட்டன. ஒருவரும் பாக்கி இல்லை.

ரேஞ்சர் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கண்கள் புகையில் சிவந்திருந்தன. "ஆய்த்தம்மா, முடிஞ்சுது. க்ளோசிங் அனுப்புங்க" என்றார். 'தீ கட்டுக்குள் வந்தது, அனைவரும் பத்திரம், முடிக்கிறோம்' என்ற செய்தி அது. அது போனதும் எல்லாரும் செட்டை அணைத்து சார்ஜில் போட்டுவிடுவார்கள். ஜீப் திரும்பிவிடும். தண்ணீர் வண்டி வேறு ரேஞ்சுக்குப் போய்விடும். மலையில் கேட்பதற்குக் காதே இருக்காது.

நான் மைக்கை எடுத்தபோது ஆபீஸ் போன் அடித்தது. ஒரு பெண். ஊரிகத்தின் மனைவி.

"ஏம்மா, எங்க வூட்டுக்காரு இன்னும் வரல. போன் போவல. கூடப் போன மைசூர் மைன்ஸ்காரரு வூட்டுக்கு வந்துட்டாரு."

எல்லாரும் பத்திரமாக இறங்கிவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்றேன்.

"எல்லாரும் சேஃப்னு சொல்றீங்க, சரி. அந்த எல்லாருல எங்க வூட்டுக்காரு வராரா?"

போனைக் கீழே வைக்காமல் டூ ஃபோரைக் கூப்பிட்டேன். ஊரிகம் உங்களுடன் இருக்கிறாரா? இல்லை, அவர் டூ த்ரீ கூட இறங்கினார் என்றார். டூ த்ரீயைக் கேட்டேன். இல்லை, அவர் டூ ஃபோர் கூட அல்லவா போனார் என்றார். பிறகு எனக்கு இன்னொன்று உறைத்தது. டூ ஃபோர் ஏன் ஜீப் செட்டில் பேசுகிறார்? உங்கள் செட் எங்கே என்று கேட்டேன்.

"பையில மேடம்."

"பை எங்க?"

"ஊரிகம்தான் தூக்கிக்கினு வந்தாரு."

மதியம் வந்த குரல் யாருடையது என்பது இப்போது தெரிந்துவிட்டது.

ரேஞ்சர் கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், இன்னும் ஏன் முடிக்கவில்லை என்று. "குறுக்கு வழியா இறங்கியிருப்பான். எங்கயாச்சும் டீக்கடைல நிப்பான். முதல்ல க்ளோஸ் பண்ணுங்க, அப்புறம் தேடலாம்" என்றார்.

"மாட்டேன் சார்" என்றேன்.

"ஸ்டாஃப் நம்பர் எல்லாம் வந்தாச்சு இல்ல?"

"நம்பர் வந்தாச்சு சார். ஆள் வரல."

"மேடம், நீங்க கான்ட்ராக்ட். அதை ஞாபகம் வெச்சிக்கோங்க."

"ஞாபகம் இருக்குது சார். எனக்கும் நம்பர் கிடையாது."

இப்போது யோசித்தால் கொஞ்சம் அதிகமாகப் பேசியதாகத் தோன்றுகிறது. அப்போது நிறுத்தத் தோன்றவில்லை. மைக்கை அழுத்தினேன்.

"எல்லா ஸ்டேஷனும் கேளுங்க. லைன் மூடல. யாரும் செட்டை அணைக்க வேண்டாம். டூ ஃபோர் பையில இருக்கிற செட், கேக்குதா? பேசுங்க."

மேலிடத்துக் குரல், என்ன நடக்கிறது அங்கே என்றது. காத்திருக்கச் சொன்னேன். மீண்டும் கூப்பிட்டேன். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, தேய்ந்த குரல் ஒன்று வந்தது.

"கன்ட்ரோல்... இப்போ பேசலாமா?"

அந்த 'பேசலாமா'வை நான் மறக்கவே மாட்டேன்.

"பேசுங்க. எங்க இருக்கீங்க?"

"ரெட்டைப் பாறைக்குக் கீழ, தங்கம் தேடித் தோண்டின பழைய குழி ஒண்ணு கீது மேடம். செடி மூடி கண்ணுக்குத் தெரியல, வுழுந்துட்டேன். காலு போச்சு. ஏற முடியல. பொகை வேற கீழ எறங்குது."

மேலிடம் மறுபடி குறுக்கிட்டது. யார் பேசுவது, நம்பர் என்ன. நான் பதில் சொல்லும் முன் ஊரிகமே சொன்னார்.

"நம்பர் இல்லாம பேசக்கூடாதுன்னாங்களே மேடம். என்னாண்ட கீறது வூட்டு நம்பர்தான். மைன்ஸ் குவார்ட்டர்ஸ் லைன் வூடு, நாப்பத்தேழு. ஃபோர் செவன்."

நான்காவது செக்ஷன் என்று ஒன்று எங்கள் ரேஞ்சில் இல்லை.

"ஃபோர் செவன், கன்ட்ரோல்" என்றேன். "உங்க குரல் நல்லா கேக்குது. மொபைல் ஒன், ரெட்டைப் பாறை. ஃபோர் செவனைத் தூக்கணும். கயிறு எடுத்துக்கோங்க."

மேலிடம் ஏதோ கேட்டது. ரேஞ்சர் கையை நீட்டினார். மைக்கைப் பிடுங்கப்போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் கிடந்த தன் கைச் செட்டை எடுத்தார். "ஒன் பேசறேன். ரெட்டைப் பாறைக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு என் வேலை ஃபோர் செவனைத் தூங்க விடாமல் வைத்திருப்பது. துண்டை நனைத்து மூக்கில் கட்டச் சொன்னேன். பாட்டிலில் ஒரு வாய் தண்ணீர் மிச்சம் என்றார். செட்டின் பேட்டரியும் தீர்ந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் ஒரு வார்த்தை மட்டும் பதில் சொல்லுங்கள் என்றேன். அவரால் ஒரு வார்த்தையோடு நிறுத்த முடியவில்லை. "கீறேன் மேடம், எங்க போவப்போறேன்?" என்றார். அவர் மனைவி இன்னும் போனில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைத்தேன். அடுத்த பதில் வந்ததும் போனுக்குள்ளிருந்து கத்தினார்.

"அய்ய, இந்த மனுசனுக்குக் குழியில வுழுந்தும் வாய் அடங்கல பாரு! மேடம், அந்த ஆளை மேல வரச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்."

சொன்னேன். நீண்ட இரைச்சலுக்குப் பிறகு பதில் வந்தது. "அப்போ நான் குழியிலயே இருந்துக்கறேன் மேடம்."

அதற்குப் பிறகு இரண்டு அழைப்புகளுக்குப் பதில் இல்லை. மூன்றாவது அழைப்பை நான் முடிப்பதற்குள் டூ ஃபோரின் குரல் வந்தது, ஓடிக் களைத்த குரல். "கன்ட்ரோல், ஃபோர் செவன் மேல வந்தாச்சு. பேசறாரு. நிறைய பேசறாரு."

அப்புறம்தான் க்ளோசிங் அனுப்பினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேலிடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இல்லாத எண்ணைப் பயன்படுத்தியது, லைனை மூட மறுத்தது, இரண்டும் என் மேல் புகார். அதற்கு முன் எட்டு மணிக்கு வழக்கமான காலை அழைப்பு இருந்தது. மூன்று செக்ஷன்களும் பதில் சொல்லி முடித்தார்கள். மைக்கை வைக்கப் போனேன். அப்போது ஒரு கார்டின் செட்டிலிருந்து வேறு ஒரு குரல் வந்தது.

"கன்ட்ரோல், ஃபோர் ஒன். மூணு பேர் ஏறிட்டோம்."

அது வாட்சர் மைசூர் மைன்ஸ்காரர். அடுத்து இன்னொரு செட்டிலிருந்து ஃபோர் டூ. பிறகு ஃபோர் த்ரீ. ஃபோர் செவன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு இருந்தார். அவருடைய எண்ணை யாரும் எடுக்கவில்லை. எந்த கார்டும் தன் செட்டைப் பிடுங்கவில்லை. எதிர் நாற்காலியில் ரேஞ்சர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். டம்ளரைக் கீழே வைக்காமலே, "கூப்பிடறாங்க இல்ல? பதில் குடுங்க மேடம்" என்றார்.

கொடுத்தேன். பிறகு பஸ் ஏறி மேலிடத்துக்குப் போனேன். தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் அதோடு முடியும் என்றார்கள். தவறு நடந்தது உண்மைதான், மதியம் ஒரு ஆளை லைனை விடச் சொன்னது தவறு, அதை எழுதித் தரத் தயார் என்றேன். அதை அவர்கள் எழுதச் சொல்லவில்லை.

அடுத்த பருவத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. வாட்சர்களுக்கு அதிகாரபூர்வமாக இன்னும் எண் வரவில்லை. ஆனால் அந்த மலைகளில் தீப்பருவத்தில் இன்றும் காலையில் நான்காவது செக்ஷன் பதில் சொல்கிறதாம். லேசாக நொண்டினாலும் ஃபோர் செவன் மலை ஏறுகிறார், ஒரு வார்த்தையில் நிறுத்த இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று அவர் மனைவி போனில் சொன்னார்.

நான் இப்போது வீட்டிலிருந்தே ஒரு இணையதளத்துக்குச் செய்தி திருத்துகிறேன். விபத்துச் செய்திகளில் 'அனைவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர்' என்று வரும்போதெல்லாம், அந்த வரியை அப்படியே விடாமல் நிருபருக்குப் போன் செய்து எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்கிறேன். சிலர் எரிச்சலடைகிறார்கள், அடையட்டும், பதில் வரும்வரை நான் லைனை மூடுவதில்லை.